ஷண்டிங் மாமியும் எங்கள் கூட்ஸ் யார்டும்

ஓடுகிற ரயிலை நிறுத்தி வைக்க இந்த தேசத்தில் மூன்று பேரால்தான் முடியும் என்று அந்தக் காலத்தில் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒருவர் கவர்னர். இன்னொருவர் ஏதாவது ஒரு மகாராஜா. மூன்றாமவர் மாம்பலம் ஷண்டிங் மாமி. முதல் இரண்டு பேருக்கும் சலூன் வண்டி, சிவப்புக் கம்பளம், பாண்டு வாத்தியம் எல்லாம் தேவைப்படும். மாமிக்கு ஒரு முறம் போதும். அதை வேலிக்கு மேலே தூக்கிப் பிடித்து, "நில்லுங்கோ! வடாம் காயறது!" என்பார். எஞ்சின் நிற்கும்.

இது நாற்பதுகளின் ஆரம்பத்தில் நடந்தது. மாம்பலம் ஸ்டேஷனுக்கு மேற்கே இருந்த கூட்ஸ் ஷெட்டில் நான் புதுக் குமாஸ்தா. தியாகராய நகரில் வீடு கட்டாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்கிற காலம். வேகன் வேகனாகச் செங்கல் வரும், சுண்ணாம்பு வரும், தேக்கு வரும். கூடவே நெல், விறகு, புளி, எப்போதாவது கருவாடு. கருவாடு வருகிற அன்றைக்கு மேற்கு மாம்பலம் முழுவதும் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும்.

இந்த வேகன்களை எஞ்சின் முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளி வரிசை மாற்றிக் கோப்பதற்குப் பெயர் ஷண்டிங். தள்ளும்போது வேகனோடு வேகன் முட்டும். முதல் வேகனில் 'டமால்' என்று கிளம்புகிற சத்தம் வரிசையாக ஓடிக் கடைசி வேகனோடு நின்றுவிட வேண்டும். எங்கள் யார்டில் அது நிற்கவில்லை. வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் போயிற்று. அது மாமியின் சமையலறை.

மாமிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். குழந்தைகள் இல்லை. வீட்டுக்காரருக்கு ஏதோ சர்க்கார் ஆபீஸில் உத்தியோகம். பேசவே மாட்டார். குடும்பத்தின் பேச்சு இலாகாவை முழுவதுமாக மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார். மாமிக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், எங்களுக்குத் தெரியாது. வேலியோரமாக முன்னும் பின்னும் நடந்துகொண்டே எங்களைத் திட்டுவார். அதனால் தண்டவாள வேலை பார்க்கும் கேங் ஆட்கள் வைத்த பெயர் ஷண்டிங் மாமி. பெண்கள் யாரும் ஆண்பிள்ளைகளை 'ஓய்' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மாமி போடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவரைப் பார்த்துவிட்டேன். எங்கள் தலைமை குமாஸ்தா அந்தோணி சார், சாந்தோம்காரர், பரம சாது. எனக்கு வேலையை விளக்கிக்கொண்டிருந்தவர் திடீரென்று வாசல் பக்கம் பார்த்தார். "ஐயோ, மாதாவே!" என்றார். அடுத்த கணம் விளக்குகள் வைக்கும் அறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்த்தால், ஒன்பது கஜப் புடவையில், கையில் நசுங்கிய ஈயச்சொம்போடு ஓர் அம்மாள்.

"நீர்தான் புதுக் கிளார்க்கா?"

"ஆமாங்க."

"இதைப் பாரும். அடுப்புலேருந்து எடுத்து மேடையில வெச்சேன். உங்க வண்டி முட்டித்து. சொம்பு தானா நடந்து போய்க் கீழே குதிச்சுடுத்து. எங்காத்துல பாத்திரமெல்லாம் நடக்கறது ஓய்! தோசை வட்டமா வார்த்தா இலங்கை படம் மாதிரி வரது. மாமா சாப்பிடறதுக்கு முன்னாடி யாழ்ப்பாணம் எந்தப் பக்கம்னு தேடறார்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "அதுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"முட்டறதுக்கு முன்னாடி சொல்லிட்டு முட்டுங்கோ. நான் பிடிச்சுக்கறேன்."

இந்தக் கோரிக்கையில் நியாயம் இருப்பதாக ஷண்டிங் எஞ்சின் டிரைவருக்குத் தோன்றிவிட்டது. அவர் எஞ்சின் ஏறிய நாள் முதல் யாரும் அவரிடம் அத்தனை மரியாதையாகக் கேட்டதில்லையாம். மறுநாளிலிருந்து வேகன்களைத் தள்ளுவதற்கு முன் 'குய்க் குய்க்' என்று இரண்டு சின்ன விசில் கொடுக்க ஆரம்பித்தார். விசில் கேட்டதும் மாமி ஓடிப்போய் இரண்டு கையாலும் பாத்திரங்களை அணைத்துக்கொள்வார். 'டமால்' ஓய்ந்ததும் உள்ளிருந்து குரல் வரும்: "ஆச்சு! அடுத்ததைத் தள்ளலாம்!"

கொஞ்ச நாளில் அந்தக் குரல் வராமல் டிரைவரும் அடுத்த வேகனைத் தள்ளுவதில்லை என்றாகிவிட்டது.

இது இப்படியே போய்க்கொண்டிருந்தபோது புதிதாக ஒரு தண்டவாள இன்ஸ்பெக்டர் வந்தார். ஆங்கிலோ இந்தியர். காக்கி அரை நிக்கர், தலையில் எப்போதும் கழற்றாத பெரிய தொப்பி. ஆட்கள் வைத்த பெயர் தொப்பிதுரை. பரங்கிமலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவார். வந்த அன்றைக்கே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"அந்தோணி! அது என்ன விசில்? ரூல் புஸ்தகத்துல அப்படி ஒரு விசிலே கிடையாதே?"

அந்தோணி சார் விளக்கு அறைப் பக்கம் பார்த்தார். "அது... மாமிக்கு, சார்."

"எந்த மாமிக்கு?"

பதில் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து "ஆச்சு! அடுத்ததைத் தள்ளலாம்!" என்று கேட்டது. துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தத் திசையைப் பார்த்தார். புலி இருக்கிற குகையைப் புது வேட்டைக்காரன் பார்க்கிற பார்வை.

இரண்டு பேருக்கும் சண்டை மூள அதிக நாள் ஆகவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பரங்கிமலை, கிண்டிப் பக்கம் போகிற ராணுவச் சாமான்கள் எங்கள் யார்டில் வந்து நெரிந்தன. இருக்கிற தண்டவாளம் போதாது, வேலியோரமாக இன்னொரு லைன் போடு என்று மேலிடத்து உத்தரவு. வேலிக்கு இந்தப் பக்கம், ரயில்வே நிலத்தில், மாமி வரிசையாக வாழை வைத்திருந்தார். அதில் ஒன்று குலை தள்ளியிருந்தது.

"இது ரயில்வே நிலம், அம்மா," என்றார் தொப்பிதுரை.

"நிலம் உங்களுது ஓய். வாழை என்னுது. நான் இல்லேங்கலையே! உங்க நிலத்தை நீங்க எடுத்துண்டு போங்கோ. வாழையை விட்டுடுங்கோ."

துரை இதற்குப் பதில் யோசித்துக்கொண்டே அன்று முழுவதும் நடந்தார்.

எப்படியோ லைன் போடுகிற வேலை ஆரம்பித்தது. சரளைக்கல் கொட்டி, மரக்கட்டைகளைப் பரப்பி, தண்டவாளத்தைப் பொருத்தினார்கள். கடைசியில் அதை நேர்ப்படுத்த வேண்டும். கேங் ஆட்கள் வரிசையாக நின்று கடப்பாரையைத் தண்டவாளத்துக்கு அடியில் கொடுத்து, மேஸ்திரி குரல் கொடுக்கும்போது ஒரே மூச்சாக நெம்புவார்கள். தண்டவாளம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மேஸ்திரியின் பெயர் ஆறுமுகம். சைதாப்பேட்டைக்காரர். எஞ்சின் விசிலுக்குப் போட்டியாகக் குரல் எழுப்பக்கூடியவர்.

அன்றைக்கு ஆறுமுகத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. குரல் ஒரு பக்கம் போக, ஆட்கள் ஒரு பக்கம் போனார்கள். ஒருவன் நெம்பும்போது இன்னொருவன் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். தண்டவாளம் அசையவில்லை. வேலியோரம் நின்றிருந்த மாமிக்குத் தாங்கவில்லை.

"ஏன்டா ஆறுமுகம், தாளமே இல்லாம என்னடா பண்றேள்? கேக்கறதுக்கே நாராசமா இருக்கே!"

"இன்னா மாமி செய்றது? தொண்டை மக்கர் பண்ணிக்கினு கீது."

"நகரு. நான் போடறேன்."

மாமிக்குப் பாட்டு என்றால் உயிர். மயிலாப்பூரில் கச்சேரி என்றால் மாமா சாப்பிட்டாரா என்று கூடப் பார்க்காமல் கிளம்பிவிடுவார். அன்றைக்கு வேலிக்கல்லில் உள்ளங்கையால் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். "தட்டு, விரல், விரல், விரல்... இப்போ இழுங்கோ!" நம்புங்கள், தண்டவாளம் நகர்ந்தது. ஆட்களுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அப்டிப் போடு மாமி! ஸோக்கா கீது!" என்று கூவிக்கொண்டே நெம்பினார்கள். மாமிக்கும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அந்தோணி சார்கூட மேஜையில் விரலால் தட்டிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தொப்பிதுரை எங்கேயோ போய்விட்டு வந்து பார்த்தபோது, தண்டவாளம் போக வேண்டிய இடத்தைத் தாண்டி நகர்ந்து, வாழை வரிசைக்கு நேர் எதிரே அழகாக ஒரு வளைவு வளைந்திருந்தது.

"இங்கே எதுக்குய்யா வளைவு?"

ஆறுமுகம் தலையைச் சொறிந்தார். "மாமி ரெண்டு ஆவர்த்தனம் எக்ஸ்ட்ரா போட்டுட்டாங்க, தொர."

மாமி முகத்தில் பச்சைக் குழந்தையின் பரிசுத்தம். "பாட்டுல லயிச்சுட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது ஓய்," என்றார். துரை வளைவை ஒரு முறை பார்த்தார். குலை தள்ளிய வாழையை ஒரு முறை பார்த்தார். வண்டி போகிற அளவுக்கு வளைவு பரவாயில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்தக் குலையில் ஒரு சீப்பு அவர் வீட்டுக்குப் போனது. லஞ்சம் இல்லை, நைவேத்தியம் என்றார் மாமி.

நாற்பத்திரண்டில் ஊர் ஒரேயடியாகக் கலைந்தது. ஜப்பான்காரன் சென்னை மேல் குண்டு போடப் போகிறான் என்று பேச்சு. முதலில் வதந்தியாக வந்தது. பிறகு சர்க்காரே, ஊரில் அவசியம் இல்லாதவர்கள் வெளியூர் போகலாம் என்றது. நாம் அவசியம் இல்லாதவர்கள் என்பது அன்றைக்குத்தான் பல பெரிய மனிதர்களுக்குத் தெரிந்தது. மயிலாப்பூரும் தியாகராய நகரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தன.

அம்மி, ஆட்டுக்கல், ஊஞ்சல் பலகை, பசு மாடு, கன்றுக்குட்டி என்று எல்லாவற்றையும் கூட்ஸில் அனுப்பச் சொன்னார்கள். ஒரு வக்கீல் தன்னுடைய சட்டப் புத்தகங்களை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு ஞாபகம் வந்து மாமியாரின் டிரங்குப் பெட்டியை ஏற்றினார். ஒரு சங்கீத வித்துவான் வீணையைக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் காத்தாட வெச்சு அனுப்புங்கோ, புழுக்கம் தாங்காது," என்றார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னதால் யாரும் சிரிக்கவில்லை. மந்தைவெளியில் எங்கள் வீட்டையும் பூட்டி, அம்மாவையும் தம்பி தங்கைகளையும் வேலூர்ப் பக்கம் என் தாய்மாமா வீட்டுக்கு அனுப்பினேன். பஸ் ஓடவில்லை. ஆகவே சைதாப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு மாடி அறை பிடித்துக்கொண்டேன். ரயில்வேக்காரர்கள் ஊரைவிட்டு நகரக்கூடாது. நாங்கள் அவசியமானவர்கள்.

மாமியின் வீட்டுக்காரருடைய ஆபீஸையும் வெளியூருக்கு மாற்றினார்கள். மாமி வீட்டுப் பாத்திரங்கள் எல்லாம் சாக்கில் கட்டப்பட்டு ஷெட்டுக்கு வந்தன. நசுங்கிய ஈயச்சொம்பும் வந்தது. வேகனில் ஏற்றிச் சீல் வைத்து, வண்டி கிளம்பியும் போனது. அந்தோணி சார் விளக்கு அறைத் தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்தார். "தம்பி, இனிமே யார்டுல நிம்மதியா மூச்சு விடலாம்," என்றார். சொன்னாரே தவிர, குரலில் நிம்மதி இல்லை. டிரைவர் அன்றைக்கும் பழக்கதோஷத்தில் 'குய்க் குய்க்' என்றார். பதில் வரவில்லை. அடுத்த வேகனைத் தள்ளாமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நான் ஷெட்டுக்குப் போனபோது, என் நாற்காலியில் மாமி உட்கார்ந்திருந்தார்.

"மாமி! நீங்க ஊருக்குப் போகலையா?"

"மாமாவை ஏத்தி விட்டாச்சு. வண்டி கிளம்பறச்சே ஜன்னல் வழியாப் பாத்தேன். இந்த ஆறுமுகமும் ஆளுகளும் தண்டவாளத்து மேல உக்காந்து பொரி தின்னுண்டிருக்கா. என்னடான்னு கேட்டா..."

பின்னால் நின்ற ஆறுமுகம் முடித்துவைத்தார். "வூட்ல அல்லாரையும் ஊருக்கு அனுப்ச்சாச்சு. ஓட்டல்காரனும் கடைய சாத்திக்கினு பூட்டான். பொரியாவது கெடச்சுதேன்னு துன்னுக்கினு இருந்தோம். தடால்னு மாமி எறங்கிட்டாங்க. வண்டி நவுந்துக்கினு கீது! எனுக்கு உசுரே போய்ட்ச்சு."

"மாமா ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"அவர் என்னிக்குச் சொல்லியிருக்கார்?" என்றார் மாமி. "சரி, எழுந்திருங்கோ எல்லாரும். அக்கம்பக்கத்துல போனவா சாவியையும் குடுத்து, அரிசி பருப்பையும் வீணாக்காம எடுத்துக்கோன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. சமைச்சுப் போடறேன். பாத்திரம் மாத்திரம் வேணும்."

பாத்திரம் அத்தனையும் முதல் நாளே வண்டியேறிவிட்டது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாமி பார்வை சுவரோரம் போனது. குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைப்பதற்காகப் புத்தம்புதிய இரும்பு வாளிகள் வரிசையாக வந்திருந்தன. சிவப்பு பெயிண்ட்கூட இன்னும் அடிக்கவில்லை. அந்தோணி சாருக்கு மாமியின் எண்ணம் புரிந்துவிட்டது.

"வேண்டாம்மா! அது தீ அணைக்கறதுக்கு. சர்க்கார் சொத்து. யாராவது பாத்தா என் வேலை போயிடும்!"

"வயத்துல எரியறதும் தீதானே ஓய்! அதை அணைச்சா வேண்டாம்னுடுவாளா?"

அன்றைக்கு ஒரு தீ வாளியில் சாதம், ஒன்றில் சாம்பார். கிளறுவதற்கு அப்போதுதான் பிரித்த புது மண்வெட்டி. நாங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துத் தொப்பிதுரை உள்ளே வந்தார். அந்தோணி சார் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். துரை வாளியைப் பார்த்தார். மண்வெட்டியைப் பார்த்தார். அவர் குடும்பமும் நீலகிரிக்குப் போய்விட்டது என்பதும், மூன்று வேளையும் ரொட்டியும் ஜாமுமாக அவர் வதங்கிக்கொண்டிருந்தார் என்பதும் எங்களுக்கு அப்போது தெரியாது. மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். அவருக்கு வழுக்கை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"ஸ்பூன் இருக்கா?" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாமி ஆசாரக்காரர். முதல் நாள் ஷெட் தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் என்று வைத்துத்தான் பரிமாறினார். எங்களுக்கும் அது அந்தக் காலத்தில் விசித்திரமாகப் படவில்லை. பிறகு ஒரு கோடை மழை அடித்தது. ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்து கோடு அழிந்தது. மாமி அதைத் திரும்பப் போடவில்லை. மறந்துவிட்டாரோ என்று ஆறுமுகம் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினார். "போடா, எனக்குக் குனிய முடியலை," என்று சொல்லிவிட்டார். அதே கையோடு குனிந்து அவருக்கு மோர் ஊற்றினார்.

அந்தச் சமயத்தில்தான் நான் படுத்தேன். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து அறையிலேயே கிடந்தேன். அது டைபாய்டு. வீட்டுச் சொந்தக்காரர்கள் கீழ்ப் பகுதியைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் எடுத்துக்கொடுக்க ஆளில்லை. ஊரில் பாதி டாக்டர்களும் இல்லை. கூஜாவில் தண்ணீர் தீர்ந்தபோது, எழுந்து போய்ப் பிடிக்கலாம் என்று காலைத் தரையில் வைத்தேன். தரை கிடைக்கவில்லை. இந்த அறையிலேயே போய்விடுவோம், அம்மாவுக்குச் சேதி சொல்லக்கூட யாரும் இல்லை என்று எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு. அழுகை வந்தது.

ஷெட்டில், நான் வராததைப் பற்றி அந்தோணி சார், "அம்மாவைப் பாக்க வேலூர் போயிருப்பான்," என்றாராம்.

"சொல்லிக்காம போற பிள்ளையா அவன்?" என்றாராம் மாமி. "ஓய் தொப்பி, உம்ம டிராலி எங்கே?"

டிராலி என்பது இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்வையிடுகிற சின்ன நாலு சக்கரப் பலகை. ஆட்கள் தண்டவாளத்தின் மேலேயே ஓடிவந்து தள்ளுவார்கள். அதில் வெளியார் ஏறக்கூடாது என்று கடுமையான விதி. விதியை மதிப்பதில் தொப்பிதுரையை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் உடனே எழுந்தாராம். ஸ்டேஷனுக்குப் போய், வண்டி வராத நேரம் பார்த்து லைனுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, "ஏறுங்க மாமி," என்றாராம்.

என் அறை ஜன்னல் தண்டவாளத்தைப் பார்த்தது. நல்ல வெயில். தூரத்தில் எதுவோ வந்தது. ஆறுமுகமும் இன்னொரு ஆளும் தண்டவாளத்தின் மேல் ஓடிவந்து தள்ள, ஒரு பக்கம் பெரிய தொப்பி, இன்னொரு பக்கம் விரித்த கறுப்புக் குடை, குடைக்கடியில் ஒன்பது கஜப் புடவை, மடியில் மூடிவைத்த தீ வாளி. ஜுர வேகத்தில் கண் என்னென்னவோ காட்டுகிறது என்று நினைத்தேன். ஆனால் ஜுரத்தில் வருகிற பிரமை அத்தனை சத்தமாகப் பேசாது.

"மெதுவாத் தள்ளுங்கோடா, கஞ்சி கொட்டறது! என்ன லைன் போட்டிருக்கேள் ஓய், இப்படித் தூக்கித் தூக்கிப் போடறதே!"

"லைன் சரியாத்தான் இருக்கு. நீங்க ஆடாம உக்காருங்க மாமி!" என்றது தொப்பி.

ஆறுமுகம் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். "சும்மா பஞ்சாட்டம் கீறியே, நைனா! பயப்படாதே, மாமி வந்துட்டாங்கல்ல," என்றார். டிராலியில் மாமி மடியில் என் தலை. வெயில் படாமல் குடையை என் பக்கம் முழுவதுமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் வந்தார். வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். ஒரு வாய்க் கஞ்சி, ஒரு திட்டு.

நேராகத் தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் போட்டார். ஆசாரம் பார்க்கிற வீட்டில், என்ன ஜாதி என்றுகூடக் கேட்காமல் போட்டார். ரயில்வே டாக்டரைத் தொப்பிதுரை அழைத்து வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, ஆகாரம் ரொம்ப ஜாக்கிரதை, அசைவோ சத்தமோ கூடாது, தூக்கம்தான் மருந்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

சத்தம் கூடாது! கூட்ஸ் யார்டை ஒட்டிய வீட்டில்! ராணுவச் சாமான் வந்தபடி இருக்கிறது, ஷண்டிங்கை நிறுத்த முடியாது. இரண்டு நாள் கழித்து, அரை மயக்கத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. விசில் கேட்கவில்லை. 'டமால்' கேட்கவில்லை. யுத்தம் முடிந்துவிட்டதா?

"மாமி, ஷண்டிங் இல்லையா?"

"இருக்கே. பாக்கறயா?" என்று ஜன்னலைக் கொஞ்சம் திறந்தார்.

எஞ்சின் யார்டின் கோடியில் எட்டத்தில் நின்றிருந்தது. எங்கள் பக்கத்து லைனில் கேங் ஆட்கள் வேகனுக்கு முதுகைக் கொடுத்துக் கையாலேயே தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு வேகன் இன்னொன்றைத் தொடப்போகும் சமயத்தில் ஆறுமுகம் சக்கரத்தில் கட்டையைக் கொடுத்தார். வேகன், உறங்குகிறவரின் பக்கத்தில் மெல்ல வந்து உட்காருகிற மாதிரி, சத்தமில்லாமல் சேர்ந்தது. வாயே திறக்காமல் சைகையிலேயே உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தவர், கண்ணாடி நழுவ வியர்வையில் குளித்துப்போன அந்தோணி சார். எத்தனை டன்னை எத்தனை நாள் அப்படித் தள்ளினார்கள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தால் கடன் தீருமா என்ன.

பிழைத்துக்கொண்டேன். குண்டு பயமும் மெல்லக் குறைந்தது. போனவர்கள் திரும்பினார்கள். அம்மி, ஆட்டுக்கல், வீணை, மாடு எல்லாம் திரும்பின. மாமியின் பாத்திரங்கள் வந்தன. மாமா வந்தார். வண்டியை விட்டு இறங்கியதும், "சாப்பிட ஏதாவது இருக்கா?" என்றார். அவர் பேசி நான் கேட்ட மிக நீண்ட வாக்கியம் அதுதான்.

அம்மாவும் வேலூரிலிருந்து வந்தாள். நான் படுத்துக் கிடந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரியும். "எனக்கு ஏண்டா தந்தி அடிக்கல?" என்று பிடித்துக்கொண்டாள்.

"மாமி வேணாம்னுட்டாங்கம்மா. உங்கம்மா பதறி ஓடி வருவா, மத்த குழந்தைகளையும் இழுத்துக்கிட்டு குண்டு விழற ஊருக்கு எதுக்கு வரணும், நான் பாத்துக்கறேன்னாங்க."

அம்மா உடனே பூவும் பழமும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். மந்தைவெளியில் எங்கள் அம்மாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. நாங்கள் போனபோது மாமி வேலியோரம் நின்று, எஞ்சின் புகை வடாத்தில் படுவதாக டிரைவரை வறுத்துக்கொண்டிருந்தார். "காத்து என் கையிலயா கீது மாமி?" என்று டிரைவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். மாமி திரும்பினார்.

"நீதான் இவன் அம்மாவா? வா. பிள்ளையா வளத்திருக்கே? ரசத்துல ரெண்டு மிளகு கூடப் போட்டா மூஞ்சியைச் சுளிக்கறான். எல்லாம் நீ குடுத்த செல்லம்."

அம்மா வாயைத் திறக்கவில்லை. பூவையும் பழத்தையும் கீழே வைத்துவிட்டுத் தடாலென்று காலில் விழப் போனாள். மாமி அவளைத் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன இது! நான் என்ன பண்ணிட்டேன்? ஜுர வேகத்துல இவன் 'அம்மா, அம்மா'ன்னு கூப்பிட்டுண்டே இருந்தான். நீ ஊர்ல இல்லை. என்னை அப்படி யாரும் கூப்பிட்டதும் இல்லை. நான் 'என்னடா'ன்னேன். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது அம்மா மயிலாப்பூர் குளம் வரை எனக்கு முன்னாலேயே நடந்தாள். மந்தைவெளியில் எங்கள் தெருமுனை வந்ததும் நின்றாள்.

"தீபாவளிக்குத் தலை முழுகினதும் முதல்ல அங்க போய் விழுந்து கும்பிட்டுட்டு வா. அப்புறம் எனக்கு," என்றாள்.

மாமி இருந்தவரைக்கும் அப்படித்தான் செய்தேன்.